எந்த விரல் மரத்துப்போகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. முத்தியால்பேட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆறு வருஷமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நாலைந்து மாதமாக ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. கை என்னுடையதே இல்லை என்பது போலக் கட்டை மாதிரி கிடக்கும். எழுந்து உட்கார்ந்து உதறு உதறென்று உதறினால் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் சரியாகும். திரும்பப் படுத்தால் திரும்ப அதே பாடு. ஒரு மாதமாக இடது கையும் இப்படிச் செய்கிறது. இடது கை என்றால் ஹார்ட் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கையைத் தலைக்கு வைத்துப் படுப்பதால் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது என்கிறார் மாமியார். மெடிக்கல் ஷாப்பில் சொன்னதற்கு நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதமாகப் போடுகிறேன். போதாததற்கு ராத்திரியில் இரண்டு பாதமும் எரிகிறது.

போன பொங்கலுக்கு வந்திருந்த என் தம்பி குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். காலையில் எழுந்தால் வலது மணிக்கட்டு தொங்கிப்போயிருந்தது. பக்கவாதம் என்று வீடே அலறியது. இரண்டு மாதத்தில் தானாகச் சரியாகிவிட்டது. எனக்கும் அப்படி ஆகிவிடுமா? தீபாவளித் துணிகளை ஒப்புக்கொள்ளலாமா?

வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். எந்த விரல் மரத்துப்போகிறது? ஐந்து விரலுமா, கட்டைவிரல் பக்கமா, சுண்டுவிரல் பக்கமா? பத்தில் எட்டுப் பேர் என்னிடம் ‘கை மரத்துப்போகுது டாக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். விரலைச் சொல்வதில்லை. எனக்கோ அந்த ஒரு பதிலில்தான் பாதி நோய் தெரிந்துவிடும்.

அதனால் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பால்பாயின்ட் பேனா வைத்துக்கொண்டு படுங்கள். கை மரத்து விழிப்பு வந்ததும், உதறுவதற்கு முன்னால் விளக்கைப் போட்டு, இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி மங்கியிருக்கிற இடத்தைச் சுற்றி உள்ளங்கையிலேயே கோடு போடுங்கள். மோதிர விரலுக்கு வந்ததும் நிதானியுங்கள். நடுவிரலை ஒட்டிய பாதியையும் சுண்டுவிரலை ஒட்டிய பாதியையும் தனித்தனியாகத் தொட வேண்டும். காலையில் அதை ஒரு தாளில் வரைந்துகொண்டு மருத்துவரிடம் போங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், கைக்கு உணர்ச்சி தருகிற நரம்புகள் விரல்களைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் ஒரு பாதி ஆகியவை மீடியன் நரம்பின் பங்கு. அது மணிக்கட்டின் நடுவே வருகிறது. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் அல்நார் நரம்பின் பங்கு. முழங்கையின் உள்பக்கம் இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அந்த இடத்தில் எலும்பை ஒட்டி ஓடுவது இதுதான். மோதிர விரலின் நடுவில் வேலி போட்ட மாதிரி ஒரு பாதி மரத்தும் ஒரு பாதி நன்றாகவும் இருந்தால், கோளாறு நரம்பில் என்பது ஏறக்குறைய உறுதி.

உங்கள் மாமியார் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் நின்றுபோவது கைக்குப் போகிற ரத்தம் அல்ல. அது நின்றால் கை வெளுத்துச் சில்லென்று ஆகிவிடும், வலி உயிர் போகும். அடுத்த முறை கை மரத்துக் கிடக்கும்போது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள், துடித்துக்கொண்டுதான் இருக்கும். அழுத்தத்தில் மாட்டிக்கொள்வது நரம்பு. நரம்புக்குச் சோறு போடுகிற மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களும் அதோடு சேர்ந்து நசுங்குகின்றன. சேதியை மேலே அனுப்ப முடியாமல் நரம்பு பேச்சை நிறுத்திக்கொள்கிறது. அதைத்தான் மரத்துப்போவது என்கிறோம், மரமாகிப் போவது. அழுத்தம் விலகியதும் நரம்பு மறுபடி பேசத் தொடங்குகிறது. முதலில் தாறுமாறாகப் பேசுகிறது. அதுதான் எறும்பு.

அந்த எறும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், நம் ஊரில் சொல்தா என்போமே அவர்களில் ஒருவர், காலைக் காட்டிப் பிரெஞ்சிலேயே சொன்னார், ‘காலில் எறும்புகள் இருக்கின்றன’ என்று. பிரெஞ்சுக்காரர்களும் இதை எறும்பு என்றுதான் சொல்கிறார்கள், நாம் சொல்வது போலவே. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களின் நரம்புகளை ஆராய்ந்த ஜூல் தினெல் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், 1915ல் ஒரு கட்டுரை எழுதினார். அடிபட்ட நரம்பின் மேல் விரலால் அழுத்தும்போது வலித்தால் நரம்பு புண்பட்டுக் கிடக்கிறது, எறும்பு ஊர்ந்தால் அது மீண்டும் துளிர்க்கிறது என்றார். அதற்கு அவர் வைத்த பெயரே எறும்பூர்தல் என்ற பொருளில்தான் இருக்கிறது. அந்தப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தைத்தான் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே நாம் தினமும் கடந்து போகிறோம். இன்றைக்கும் உங்கள் மணிக்கட்டில் மருத்துவர் விரலால் தட்டி, ‘விரலுக்கு ஓடுதா?’ என்று கேட்டால், அது தினெலின் சோதனைதான். ஆக, உதறிய பிறகு எறும்பு ஊர்கிறதே என்று பயப்படாதீர்கள். நரம்பு திரும்பி வருகிற வழி அது.

உங்கள் கதைக்கு வருகிறேன். தையல் தொழில், நடு ராத்திரி விழிப்பு, உதறினால் சரியாவது, ஒரு கையில் ஆரம்பித்து இன்னொரு கைக்கு வருவது, கூடவே சுகர். பேனாக் கோடு கட்டைவிரல் பக்கம் விழும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். அப்படி விழுந்தால் இது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடுவது. கார்ப்பல் டனல் என்று சீட்டில் எழுதுவார்கள். மணிக்கட்டில் மூன்று பக்கம் எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை, நடுவே ஒரு குறுகிய வழி. விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போக வேண்டும். காலமெல்லாம் கத்திரிக்கோலை அழுத்திப் பிடித்து வெட்டியதில் தசைநாண் உறை வீங்கினால், மெத்தென்று இருக்கிற நரம்புதான் முதலில் அடிபடும்.

பகலெல்லாம் வேலை செய்கிற கை ராத்திரியில் ஏன் மரக்க வேண்டும்? தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், சிலர் கன்னத்துக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்வார்கள். மடங்கினால் அந்த வழிக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது. படுக்கும்போது உடம்பின் நீர் கைகளுக்கும் பரவிக் கொஞ்சம் வீக்கம் கூடுகிறது. ஸ்கூட்டர் ஓட்டும்போதும், போனைக் கையில் பிடித்துப் பார்க்கும்போதும் இதே மரப்பு வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. வீட்டில் இன்னொன்றும் பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டுகள் மடங்கியபடி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அதற்குள் அதே விரல்கள் மரத்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

சிகிச்சை நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிதல்ல. மணிக்கட்டை நேராக நிறுத்தி வைக்கிற பட்டை, ஸ்பிளின்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், உள்ளே ஒரு தகடு இருக்கும். அதை ராத்திரி படுக்கும்போது கட்டிக்கொண்டு ஆறு வாரமாவது விடாமல் தூங்க வேண்டும். பலருக்கு முதல் வாரத்திலேயே முழு ராத்திரித் தூக்கம் திரும்புகிறது. இறுக்கிக் கட்டாதீர்கள், விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். அதில் தீராவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் மேல் அந்த நார்ப்பட்டையை வெட்டி இடம் விடுகிற சின்ன ஆபரேஷன். மணிக்கட்டை மட்டும் மரக்கவைத்துச் செய்வது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கிற சதையை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் குழி விழுந்திருந்தாலோ, ஜாக்கெட் கொக்கி மாட்டவும் ஊசியில் நூல் கோக்கவும் விரல் தடுமாறினாலோ, பாபின் கை நழுவி விழுந்தாலோ, பகலிலும் மரப்பு போகாமல் நின்றாலோ பட்டையை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சதை கரைந்த பிறகு அது முழுசாகத் திரும்புமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு தையற்காரருக்கு அந்தச் சதைதானே மூலதனம். ‘கொஞ்சம் பார்க்கலாம்’ என்று இரண்டு வருஷம் தள்ளிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

பேனாக் கோடு சுண்டுவிரல் பக்கம் விழுந்தால் கதை வேறு. அது முழங்கை. கையை மடக்கித் தலைக்கு அடியில் வைத்துப் படுப்பதும், முழங்கையை மடக்கியபடி மணிக்கணக்கில் போனில் பேசுவதும், மிஷின் பலகையின் விளிம்பில் முழங்கையை ஊன்றுவதும் அங்கே நரம்பை இழுத்து நசுக்கும். மாமியார் சொன்னபடி கேளுங்கள். ஒரு பழைய டவலை முழங்கையைச் சுற்றித் தளர்வாகச் சுற்றிக்கொண்டு படுத்தால் கை மடங்காது. சுண்டுவிரல் பக்கம் மரப்பு நிலையாக இருந்து, தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமலும் அதில் உணர்ச்சியின்மையும் இருந்தால் தொழுநோயையும் நினைக்க வேண்டும். அந்த நோய் முழங்கை நரம்பை விரும்பித் தாக்கும். அடுப்படியில் சுட்டது தெரியாமல் விரலில் கொப்புளம் வருவது அதன் பழைய அடையாளம். 2005 டிசம்பரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற அளவுக்கு இந்தியா வந்துவிட்டாலும், இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம், முழுசாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைத்தால் மட்டுமே விரல்கள் போகும். உங்களுக்கு அது இருப்பதாக நான் சொல்லவில்லை. இதைப் படிக்கிற யாரோ ஒருவருக்காக எழுதினேன்.

மரப்பு கழுத்தில் கிளம்பித் தோள், புஜம் வழியாக இறங்கி, தலையைத் திருப்பும்போது கூடினால் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டும். உயரமான தலையணையை அன்றே மாற்றுங்கள். தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவுக்கு மரத்து எரிந்தால், பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுகிறீர்களா என்று பாருங்கள். இடுப்பு எலும்பை ஒட்டி ஓடுகிற ஒரு நரம்பு அதில் நசுங்கும். நாடாவைத் தளர்த்தினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

இடது கை, ஹார்ட். மாரடைப்பின் வலி இடது கையில் இறங்குவது உண்மைதான். ஆனால் அதோடு நெஞ்சில் பாரம் அழுத்தும், வியர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும், தாடைக்கோ முதுகுக்கோ பரவும். கையை உதறினால் போகாது. உங்களுக்கு வருவது உதறினால் போகிறது, அதுவும் வலது கையில் ஆரம்பித்த பிறகு. சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி அவ்வளவாகத் தெரியாமலும் வரலாம் என்பதால், நெஞ்சில் இறுக்கமோ காரணமில்லாத மூச்சிரைப்போ வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாதத்தைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கையைவிடக் கவலை தருகிறது. இரண்டு பாதமும் ஒரே மாதிரி, விரல் நுனியில் ஆரம்பித்துச் சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறி, ராத்திரியில் எரிவது சுகரால் நரம்பு பாதிக்கப்படுவதன் முகம். இது படுத்த கோணத்தால் வருவதல்ல, உதறினால் போவதும் இல்லை. மூன்று மாதச் சராசரி சுகர் டெஸ்ட் எடுத்து எவ்வளவு நாளாயிற்று? அதோடு தைராய்டு, பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் மணிக்கட்டு வழி குறுகும். மெட்ஃபார்மின் நல்ல மாத்திரை, அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடும்போது குடல் பி12 சத்தை உறிஞ்சுவது குறையலாம். மீன், முட்டை, பால், தயிர் போன்றவற்றில்தான் அந்தச் சத்து இருக்கிறது, காய்கறியில் இல்லை. நீங்கள் சைவம் என்றால் குறைவு இருக்க வாய்ப்பு இன்னும் அதிகம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நரம்பு மாத்திரை என்று விற்கிற சிலவற்றில் பி6 என்கிற பைரிடாக்சின் 50, 100 மில்லிகிராம் என்று இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 மில்லிகிராம் அளவுதான். மிதமிஞ்சிய பி6ஐ மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்துக் கால் மரப்பைக் கொண்டுவரும். மரப்புக்காகச் சாப்பிட்ட மாத்திரையே மரப்பைத் தருவது எவ்வளவு அநியாயம்! எந்தச் சத்து குறைவு என்று தெரிந்த பிறகு அதை மட்டும், மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். சீட்டு இல்லாத நரம்பு ஊசியும் வேண்டாம்.

எரிகிற பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். உணர்ச்சி மங்கிய தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கைக்கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வெறுங்காலோடு போய், மத்தியான மணலில் காலைச் சுட்டுக்கொண்டு நாலு நாள் கழித்துப் புண்ணோடு வருகிற சுகர் நோயாளிகள் இருக்கிறார்கள். சாமி கும்பிடப் போவதைத் தடுக்க நான் யார்? வெயில் ஏறும் முன் போய் வாருங்கள், தண்ணீர் ஓரம்வரை செருப்பு காலில் இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வலிக்காது, இரண்டு நிமிஷம்தான்.

இனி தம்பி. தூக்கத்தில் ஒரு கை நசுங்கினால் மூளை நம்மைப் புரள வைக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் நமக்குத் தெரியாமலே பல தடவை புரளுகிறோம். குடியும் தூக்க மாத்திரையும் அந்தக் காவலை எடுத்துவிடுகின்றன. நாற்காலியின் முதுகுக்கு மேல் கையைத் தொங்கப் போட்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடந்தால், மேல்கை எலும்பைச் சுற்றி வருகிற ரேடியல் நரம்பு அழுத்தத்தில் செயலிழந்துவிடும். மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்க முடியாது. ‘சனிக்கிழமை இரவு வாதம்’ என்று மருத்துவப் புத்தகங்களில் பெயரே இருக்கிறது. நரம்பின் உறை மட்டும் அடிபட்டிருந்தால் சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும், தம்பிக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. நீங்கள் கேட்டதற்குப் பதில், உங்களுக்கு இப்படி ஆகாது, உங்கள் மரப்பு உங்களை எழுப்பிவிடுகிறதே. ஆனால் அவர் தொடர்ந்து குடிப்பவர் என்றால், அடுத்த தடவை திரும்புமா என்று சொல்ல முடியாது. சாராயமே தனியாகக் கால் நரம்புகளையும் அரிக்கும். அக்கா சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன், கூட்டிக்கொண்டு ஜி.எச்.சுக்கோ ஜிப்மருக்கோ ஒரு நாள் போங்கள்.

அன்று காலையில் வீடு அலறியது தப்பில்லை. தப்பு, உடனே கிளம்பாமல் இருந்திருந்தால். மணிக்கட்டு மட்டும் தொங்குவது நரம்பா மூளையா என்பதை வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது. திடீரென்று ஒரு பக்க முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கையும் காலும் சேர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108க்குப் போன் போட்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், முந்தின ராத்திரி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார். அந்த நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். கெடு தாண்டிவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள், ஸ்கேனைப் பார்த்துச் செய்யக்கூடியவை அதற்குப் பிறகும் உண்டு. இரண்டு காலும் மரத்து, நாளுக்கு நாள் பலம் குறைந்து மேலே ஏறினாலும், மரப்போடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலும் அன்றே போக வேண்டும்.

தீபாவளித் துணிகளை ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் வழக்கத்தில் பாதியளவு. அதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, கையில் லேசாக மின்சாரம் வைத்து நரம்பின் வேகத்தை அளக்கிற டெஸ்டை எடுத்துவிடுங்கள். வெட்டுகிற வேலையை ஒரே மூச்சில் செய்யாமல் அரை மணிக்கு ஒரு தடவை கத்திரியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். மொட்டைக் கத்திரிக்குத்தான் அதிக அழுத்தம் வேண்டும், முதலில் சாணை பிடித்துவிடுங்கள். கனமான துணி வெட்டுவதை இந்த வருஷம் வேறு யாரிடமாவது கொடுக்க முடிந்தால் கொடுங்கள். பட்டையைப் பகலில் கட்டிக்கொண்டு தைக்க வேண்டாம், மணிக்கட்டு அசையாவிட்டால் தோளில் வலி பிடிக்கும். ராத்திரிக்கு மட்டும் போதும். வலது கைக்கு முதலில் வாங்குங்கள், இடது கைக்கு வேண்டுமா என்பதைப் பேனாக் கோட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும்.